பழைய ஜீப்பும் பௌதிகப் பாடமும்

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரில் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஐந்து நாள் அவர் தார்ச்சாலையில் வேலைக்குச் சென்று வர வேண்டும். ஆறாம் நாள் மலையேறி, கேரள எல்லைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டத்துக்குப் போக வேண்டும். அந்தப் பயணத்தின் கடைசிச் சில கிலோமீட்டரில் தார் இல்லை. கல்லும் சேறும் ஓடைகளுமே உண்டு. புது வண்டி வாங்க அவரிடம் பணம் போதாது. பழைய ஜீப் ஒன்று வாங்க எண்ணுகிறார்.

விலைக்கு இரண்டு ஜீப்புகள் நிற்கின்றன. ஒன்றுக்குப் புது வர்ணம் பூசிப் பெரிய டயர்கள் மாட்டியிருக்கிறார்கள். மற்றொன்றின் வர்ணம் வெயிலில் வெளுத்திருக்கிறது. இரண்டுக்கும் விலை ஒன்றே. எதை வாங்குவது?

மாணவர்களே! இக்கேள்விக்கு விடை கூற மெக்கானிக் கட்டாயம் வேண்டும். ஆனால் அவரை அழைக்கும் முன்பே நீங்கள் கண்டறியக்கூடியவை பல உண்டு. அதற்குத் தேவையான கருவிகள்: ஒரு காந்தம், ஒரு தூக்குக்குண்டு, ஒரு சாக்குக்கட்டி, ஓர் அளவு நாடா. இவற்றோடு உங்கள் பௌதிகப் பாடப் புத்தகத்தில் உள்ள சில விதிகளும் வேண்டும். மலைப்பாதையில் ஓடிய வண்டி அப்பாதையின் தழும்புகளைத் தன் அடிப்பாகத்தில் சுமந்துகொண்டிருக்கும். வர்ணத்தால் அவற்றை மறைக்க முடியாது.

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது

1941இல் அமெரிக்க இராணுவத்துக்காகப் பெரும் எண்ணிக்கையில் செய்யப்படத் தொடங்கிய வில்லிஸ் வண்டியே ஜீப் குடும்பத்தின் மூதாதை. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனத்தார் அதை நம் நாட்டிலேயே பூட்டத் தொடங்கினர். 1985இல் மாருதி ஜிப்ஸி வந்தது. 2010இல் மகிந்திராவின் 'தார்' வந்தது; அதன் புதிய வடிவம் 2020இல் வெளியாயிற்று.

ஜீப் போலத் தோன்றும் எல்லா வண்டிகளிலும் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் ஆற்றல் செல்வதில்லை. 'தார்' வண்டியிலேயே பின்சக்கரங்களை மட்டும் இயக்கும் வகை ஒன்று 2023 முதல் விற்கப்படுகிறது. ஆகவே முதலில் குனிந்து அடியில் பாருங்கள். நடுவிலிருந்து பின் அச்சுக்கு ஒரு சுழல்தண்டு செல்வதைப் போல், முன் அச்சுக்கும் ஒன்று செல்கிறதா? செல்லாவிட்டால் அது நான்கு சக்கர இயக்க வண்டி அன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. வண்டி சமதரையில், எஞ்சின் நிறுத்தப்பட்டு, கைப்பிரேக் இழுக்கப்பட்டு, சக்கரங்களுக்குக் கல் கொடுக்கப்பட்டு நிற்க வேண்டும். ஜாக்கியால் மட்டும் தூக்கி நிறுத்திய வண்டியின் அடியில் யாரும் நுழையக் கூடாது.

வளைவில் ஒரு கணக்கு

பழைய ஜீப்புகளில் பெரும்பாலானவற்றை இரண்டு சக்கர இயக்கத்திலும் ஓட்டலாம், நெம்புகோலை மாற்றி நான்கு சக்கர இயக்கத்திலும் ஓட்டலாம். கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ள 'டிரான்ஸ்பர் கேஸ்' என்ற பற்சக்கரப் பெட்டி இந்த மாற்றத்தைச் செய்கிறது. நான்கு சக்கர இயக்கத்தில் இது முன் தண்டையும் பின் தண்டையும் ஒன்றாகப் பிணைத்துவிடும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும்.

இப்போது ஒரு வளைவை எண்ணிப் பாருங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 2.4 மீட்டர். பின் அச்சின் நடுப்புள்ளி 6 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்கிறது. பித்தாகரஸ் தேற்றப்படி முன் அச்சின் நடுப்புள்ளி செல்லும் வட்டத்தின் ஆரம் என்ன?

6 × 6 + 2.4 × 2.4 = 41.76, இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 6.46 மீட்டர்.

ஒரு முழு வட்டத்தில் பின் அச்சு 37.7 மீட்டரும், முன் அச்சு 40.6 மீட்டரும் செல்லும். வேறுபாடு 2.9 மீட்டர்! டயரின் சுற்றளவோ ஏறத்தாழ 2.2 மீட்டர்தான். முன்சக்கரங்கள் ஒரு சுற்றுக்கு மேல் அதிகமாகச் சுழல வேண்டும். ஆனால் டிரான்ஸ்பர் கேஸ் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

சேற்றில் இதனால் தொல்லை இல்லை. டயர் சற்றே வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிக்கட்டிக்கொள்ளும். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வு மிகுதி. டயர் எளிதில் வழுக்காது. ஈரத் துணியைப் பிழிவது போல் தண்டுகள் முறுக்கப்படுகின்றன. அந்த முறுக்கம் முழுவதையும் பற்சக்கரங்களும் பேரிங்குகளும் தாங்க வேண்டும். 'நான்கு சக்கரமும் இழுத்தால் நல்லதுதானே' என்று எண்ணித் தார்ச்சாலையிலும் அப்படியே ஓட்டியவரின் வண்டி, வெளியில் தெரியாமல் உள்ளே தேய்ந்திருக்கும். சில வண்டிகளில் முன், பின் தண்டுகளுக்கு நடுவிலும் வேறுபாட்டை ஏற்கும் பற்சக்கர அமைப்பு உண்டு. அவற்றுக்கு மட்டுமே இந்தத் தடை இல்லை.

ஆகவே விற்பவரிடம், "நான்கு சக்கர இயக்கத்தை எப்போது போடுவீர்கள்?" என்று கேளுங்கள். "சேற்றிலும் கல்லிலும் மட்டும்" என்பது நல்ல விடை. பிறகு இயக்கம் எதிலும் இல்லாத நிலையில் சுழல்தண்டைக் கையால் பற்றி முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். சிறிதளவு ஆட்டம் இயல்பு. 'டக், டக்' என்று தட்டும் ஓசையுடன் தாராளமாக ஆடினால் இணைப்புகள் தேய்ந்துவிட்டன என்று அறியலாம்.

சிக்கிக்கொள்வது ஏன்?

வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிகத் தூரம் செல்ல வேண்டும். இதற்காக ஒவ்வோர் அச்சின் நடுவிலும் 'டிஃபரன்ஷியல்' என்ற பற்சக்கர அமைப்பு உள்ளது. இது இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும். ஆனால் இரண்டுக்கும் ஏறத்தாழச் சமமான திருப்புவிசையையே கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்ற மிகச் சிறிய விசை போதும். அதே சிறிய விசைதான் மற்றச் சக்கரத்துக்கும் கிடைக்கும். எனவே ஒன்று வெறுமனே சுழலும், மற்றது அசையாது.

முன் அச்சில் ஒரு சக்கரமும், பின் அச்சில் எதிர்மூலையிலுள்ள ஒரு சக்கரமும் தரையை விட்டு எழும்பினால், நான்கு சக்கர இயக்க வண்டியும் நின்றுவிடும். இதைத் தவிர்க்கப் பூட்டு வசதி உள்ள டிஃபரன்ஷியல் சில வண்டிகளில் உண்டு. வாங்கும் வண்டியில் அது இருப்பதாகச் சொன்னால், மண்தரையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

டயர்கள் சொல்லும் செய்தி

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். நான்கு டயர்களிலும் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டைகள் ஆழமாக இருந்தும் ஆண்டு மிகப் பழையதானால், இரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருக்கும்.

நான்கும் ஒரே அளவினவா, ஒரே அளவு தேய்ந்தவையா என்பதும் முக்கியம். 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள முன் டயர்கள் புதியவை. பின் டயர்கள் 5 மில்லிமீட்டர் தேய்ந்தவை என்று கொள்வோம். ஆரத்தில் 350க்கு 5, அதாவது 1.4 விழுக்காடு வேறுபாடு. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 14 மீட்டர்! நேர்ச்சாலையிலும் முன், பின் தண்டுகள் ஒத்துப்போகா. வண்டியின் எடை டயரை அமுக்குவதால் உண்மையான வேறுபாடு இதைவிடச் சற்றுக் குறையலாம். ஆயினும் தீங்கு தீங்குதான்.

ஓடைநீர் உள்ளே புகும் விதம்

இது வாயு விதிகள் பற்றிய பாடம். மலையேறி வந்த வண்டியின் டிஃபரன்ஷியல் கூட்டினுள் எண்ணெயும் காற்றும் சூடாக இருக்கும். வெப்பநிலை 80 பாகை செல்சியஸ் என்று கொள்வோம்; கெல்வின் அளவில் 353. இந்நிலையில் வண்டி குளிர்ந்த ஓடையில் இறங்குகிறது. உள்காற்று 30 பாகைக்கு, அதாவது 303 கெல்வினுக்குக் குளிர்கிறது. பருமன் மாறாதிருந்தால் அழுத்தம் 303/353 பங்காகும். அதாவது 14 விழுக்காடு குறையும்.

இந்தக் குறையை ஈடு செய்ய வெளிக்காற்று நுழைவதற்காகவே கூட்டின் மேல் ஒரு மூச்சுக்குழல் வைத்திருக்கிறார்கள். அது சேற்றால் அடைபட்டிருந்தால் என்ன ஆகும்? அச்சு முனைகளிலுள்ள எண்ணெய்த் தடுப்பு வளையங்களின் இடுக்கு வழியே ஓடைநீர் உறிஞ்சப்படும். எண்ணெயும் நீரும் பற்சக்கரங்களால் கடையப்பட்டுப் பால் விட்ட தேநீர் போலாகும். அது பற்சக்கரங்களைக் காக்காது, துருப்பிடிக்கவும் வைக்கும்.

எனவே இரு டிஃபரன்ஷியல்களிலிருந்தும் டிரான்ஸ்பர் கேஸிலிருந்தும் சிறிது எண்ணெய் எடுத்துக் காட்டும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். தேன் நிறமோ கருமையோ இருக்கலாம். பால் நிறம் கூடாது. எண்ணெயை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். மாவு போன்ற நுண்துகள் நாள்பட்ட தேய்மானம். உலோகச் சில்லுகள் தென்பட்டால் பல் உடைந்திருக்கிறது. எஞ்சின் எண்ணெயும் பால் நிறமாக இருந்தால், குளிர்விக்கும் நீர் எஞ்சினுள் கசிகிறதோ என்று ஐயுற வேண்டும்.

காந்தமும் தூக்குக்குண்டும்

உடைந்த தகட்டைப் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே வர்ணம் பூசுவது வழக்கம். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவுகளின் அடிப்பகுதியிலும் சக்கர வளைவுகளிலும் நகர்த்திப் பாருங்கள். எஃகுத் தகட்டில் அது பற்றும். பட்டி தடிமனாக உள்ள இடத்தில் பற்று தளரும். பிளாஸ்டிக், கண்ணாடியிழைப் பாகங்களிலும் காந்தம் பற்றாது. ஆகவே அவை எவை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பெருகுகிறது. அதனால்தான் துருவின் மேலுள்ள வர்ணம் கொப்புளம் போல் எழும்புகிறது. உப்புநீர் நல்ல மின்பகுளி. கடற்கரை ஊரில் இருந்த வண்டியில் துரு விரைந்து பரவும். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டத்தைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துரு அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும்.

அடிச்சட்டம் விபத்தில் கோணியதா என்பதை வடிவியல் காட்டிக்கொடுக்கும். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் அல்லவா? சட்டத்தின் இடப்புறத்திலும் வலப்புறத்திலும் ஒத்த இடங்களிலுள்ள நான்கு போல்ட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்குக்கட்டியால் புள்ளியிடுங்கள். பிறகு வண்டியை நகர்த்திவிட்டு இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் வேறுபாடு அளவீட்டுப் பிழையாக இருக்கலாம். விரல் அகலம் வேறுபட்டால் சட்டம் கோணியிருக்கக்கூடும். அத்தகைய வண்டி நேர்ச்சாலையிலும் ஒரு பக்கம் இழுக்கும், டயரைத் தின்னும்.

புகையின் நிறம்

வண்டியைப் பார்க்கப் போகும் நாளில், நீங்கள் வரும் முன் எஞ்சினை ஓட்ட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். போனதும் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் தன் குறைகளை ஒளிக்காது. நீலப்புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது. அடர்ந்த கரும்புகை, எரிபொருள் முழுவதும் எரியாததைக் காட்டும். குளிர்காலையில் சிறிது வெண்மை எழுந்து மறைவது நீராவி. எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் அதைக் கவனிக்க வேண்டும்.

இறங்கும்போதுதான் உண்மைச் சோதனை

நான்கு சக்கர இயக்கம் வண்டி முன்னேறுவதற்கு உதவும். நிறுத்துவதற்கு அது உதவாது. எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் உண்டு. ஜீப்புக்குக் கூடுதலாக ஏதும் இல்லை. இதை மறந்து மழையில் வேகமாக இறங்குவோர் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.

ஆட்களோடு 1500 கிலோகிராம் நிறையுள்ள ஜீப், 1000 மீட்டர் உயரத்திலிருந்து மலைச்சாலையில் இறங்குகிறது. அது இழக்கும் நிலையாற்றல்:

1500 × 9.8 × 1000 = 1,47,00,000 ஜூல்.

30 பாகையிலுள்ள 50 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு வெப்பம் போதும்! பிரேக்கை மட்டும் நம்பினால் இதில் பெரும்பகுதி நான்கு சிறிய பிரேக் அமைப்புகளில் சேரும். கியரைக் குறைத்து இறங்கினால் எஞ்சினே வண்டியைத் தடுத்து நிறுத்தும் வேலையில் பெரும் பங்கை ஏற்கும். டிரான்ஸ்பர் கேஸிலுள்ள தாழ்கியர் வேகத்தை ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மடங்கு குறைத்து, திருப்புவிசையை அதே அளவு பெருக்கும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் செல்லும் கற்பாதை போன்ற இடங்களில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இதுவே துணை.

பிரேக் திரவத்துக்கு ஒரு குணம் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 'டாட் 3' என்ற வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பின் இந்த வரம்பு 140 பாகையாகக் குறைகிறது. நீண்ட இறக்கத்தில் திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழிகள் தோன்றும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதி தரைவரை போகும், பிரேக் பிடிக்காது! ஆகவே திரவம் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். எஞ்சின் ஓடும்போது மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அது மெல்ல மெல்லத் தாழ்ந்தால் எங்கோ கசிவு உள்ளது.

உயரம் தரும் ஆபத்து

ஒரு பலகையின் மேல் உப்புத்தாள் ஒட்டி, அதன்மேல் ஒரு தீப்பெட்டியைப் படுக்க வையுங்கள். மற்றொன்றை நிறுத்தி வையுங்கள். பலகையை மெல்லச் சாயுங்கள். நிற்கும் பெட்டி முதலில் கவிழும். ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே வரையும் செங்குத்துக் கோடு அடிப்பரப்பை விட்டு வெளியேறியதும் பொருள் கவிழ்கிறது.

1500 கிலோகிராம் ஜீப்பின் ஈர்ப்பு மையம் 70 சென்டிமீட்டர் உயரத்திலும், இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் இடைத்தூரம் 140 சென்டிமீட்டராகவும் இருப்பதாகக் கொள்வோம். அது 45 பாகைச் சாய்வில் கவிழும். இப்போது 2 மீட்டர் உயரக் கூரையில் 200 கிலோகிராம் சுமை ஏற்றுங்கள். புதிய ஈர்ப்பு மையத்தின் உயரம்:

(1500 × 70 + 200 × 200) ÷ 1700 = 85 சென்டிமீட்டர்.

கவிழும் கோணம் ஏறத்தாழ 39 பாகையாகக் குறைகிறது. ஸ்பிரிங்குகள் சாய்வதாலும், வளைவின் வேகத்தாலும், குழியில் ஒரு சக்கரம் இறங்குவதாலும் உண்மையில் இதற்கும் முன்பே கவிழலாம். கூரையில் ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் விபத்துக்குள்ளாவதில் வியப்பில்லை.

பெரிய டயர் மாட்டி, ஸ்பிரிங்கை உயர்த்திய வண்டிக்கும் இதே கதிதான். தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாதென மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

எதை வாங்குவது?

கண்ட குறைகளை மூன்று பத்திகளாக எழுதுங்கள். டயர், பிரேக் திரவம், எண்ணெய், சுழல்தண்டு இணைப்பு ஆகியவை முதற்பத்தி. இவை பணம் கொடுத்து மாற்றக்கூடியவை. அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லலாம். எஞ்சின், டிஃபரன்ஷியல் பழுதுகள் இரண்டாம் பத்தி. மெக்கானிக்கிடம் செலவைக் கேட்ட பின்பே முடிவு செய்ய வேண்டும். கோணிய அல்லது அரித்த அடிச்சட்டம், பொருந்தாத எஞ்சின் எண், சேஸிஸ் எண் ஆகியவை மூன்றாம் பத்தி. இதில் ஒன்று இருந்தாலும் அவ்வண்டி வேண்டாம்.

வாரத்தில் ஐந்து நாள் அது தார்ச்சாலையில்தான் ஓடப் போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்கான காற்றுப்பை புதிய கார்களில் கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய ஜீப்புகள் பலவற்றில் அது இல்லை. இரண்டு வண்டிகள் மற்றவற்றில் சமமானால், காற்றுப்பையும் நல்ல இருக்கைப் பட்டையும் உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெளுத்த ஜீப்பின் எண்ணெய் தெளிவாகவும், மூலைவிட்டங்கள் சமமாகவும், டயர்கள் ஒத்தும் இருந்தால், போடிக்காரர் தயங்காமல் அதை வாங்கலாம். பளபளப்பான வண்டி இதே சோதனைகளில் தேறினால் அதுவும் நல்லதே. ஆனால் உயர்த்திய ஸ்பிரிங்கையும் பெரிய டயரையும் கழற்றிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

செய்து பாருங்கள்

1. உங்கள் ஊரில் நிற்கும் ஒரு வண்டியின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, நான்கு டயர்களின் தேதி எண்களைக் குறித்து வாருங்கள். எல்லாம் ஒரே ஆண்டினவா?

2. அச்சுகளின் இடைத்தூரம் 2.6 மீட்டரானால், 6 மீட்டர் ஆர வளைவில் முன், பின் அச்சுகள் செல்லும் தூர வேறுபாடு எவ்வளவு?

3. மேற்கண்ட ஜீப்பின் கூரையில் 100 கிலோகிராம் மட்டும் ஏற்றினால் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரும்? அதே சுமையை 60 சென்டிமீட்டர் உயரத்தில், வண்டிக்குள் வைத்தால் என்ன ஆகும்?